எட்டில் ஒரு பங்கு

பாஸ் மார்க்கை யார் முடிவு செய்கிறார்கள் என்று, இருபத்திரண்டு வருடம் கணக்குப் பாடம் எடுத்த ஜாக்குலின் ஒருநாளும் யோசித்ததில்லை. முப்பத்தைந்து என்றால் முப்பத்தைந்து. மழை மாதிரி அதுவும் மேலேயிருந்து வருவது என்றுதான் நினைத்திருந்தாள். அதனால்தான், மாமல்லபுரத்துக் கடலோர ரிசார்ட் ஒன்றில் இரண்டு நாள் உட்கார்ந்து, ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு இந்த வருடம் எத்தனை மார்க் எடுத்தால் பாஸ் என்று முடிவு செய்து கொடுக்கும்படி ஆர்டர் வந்தபோது, அது தன் தலைமையாசிரியருக்கு வந்த கடிதம் என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

அவள் பேர்தான் போட்டிருந்தது. மொத்தம் எட்டு ஆசிரியர்கள். தேர்வு முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது, விடைத்தாள்களெல்லாம் எங்கேயோ பூட்டிக் கிடந்தன, கோடு மட்டும்தான் இன்னும் போடவில்லை. ஆர்டரோடு ஒரு உறுதிமொழிப் படிவமும் இருந்தது. அந்த அறையில் நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்பது ஒன்று. என் கணவரோ மகனோ மகளோ இந்தத் தேர்வை எழுதவில்லை என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை ஜாக்குலின் மூன்று தடவை படித்தாள். தங்கை என்ற சொல் எங்கேயும் இல்லை. படிவம் தயாரித்த புண்ணியவானுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை போலிருக்கிறது.

தங்கை ஜெனிஃபர் எழுதியிருந்தாள். நாலாவது தடவை. சதுரங்கப்பட்டினத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருடமாக மூன்றாம் வகுப்பு டீச்சர். போன தடவை எழுபத்தொன்பது. இந்தத் தடவையும் தேறாவிட்டால் ஜூன் மாதம் வேலைக்கு வர மாட்டேன் என்று பள்ளி நிர்வாகம் முன்கூட்டியே அவளிடம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டது. அவள் கணவன் பூபாலனுக்குக் கல்பாக்கத்தில் காண்ட்ராக்ட் வேலை, சோற்றுக்குப் பஞ்சமில்லை. பிரச்சினை சோறு இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை விட்டால் ஜெனிஃபருக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் பிடிக்காது, வேறு எதுவும் வராது. முப்பத்தொன்பது வயதில் அவளை அந்த வகுப்பிலிருந்து எழுப்பி வெளியே நிறுத்தினால் என்ன ஆவாள் என்று நினைத்துப் பார்க்கவே ஜாக்குலினுக்குப் பயமாக இருந்தது.

போவது தப்பு என்று தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டாள். கோடு போடுகிற அறையில் எப்போதும் அவர்கள்தானே உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு தடவையாவது நம்மவள் ஒருத்தி இருக்கட்டுமே என்று நினைத்தாள். அப்பா பெஞ்சமின் அடுத்தவன் கழனியில் நாற்று முடி சுமந்த மனிதர். அவர் மகள் ஏசி அறையில் உட்கார்ந்து டீச்சர்களுக்கெல்லாம் பாஸ் மார்க் போடப் போகிறாள் என்பதில் கொஞ்சம் மிதப்பும் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல முடியாது. ஜெனிஃபரிடம் மட்டும், "ரெண்டு நாளு டிரெயினிங் கீதுடி" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

ரிசார்ட்டில் முதல் வேலையாக எல்லோருடைய போனையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கிப் பூட்டினார்கள். நடத்த வந்தவன் ஹேமந்த். நாவலூரில் தேர்வுக் கணக்குகள் போட்டுத் தரும் ஒரு கம்பெனியில் வேலை. முப்பது வயதுகூட இருக்காது. அறையில் இருந்தவர்களில் வகுப்பறையில் ஒரு பீரியடுகூட நிற்காதவன் அவன் ஒருவன்தான், ஆனாலும் மைக் அவனிடம்தான் இருந்தது.

"டாப்பரும் வேணாம், சுத்தமா தெரியாதவரும் வேணாம் மேடம். பாஸ் ஆகறதுக்குச் சரியா போதுமான அளவு தெரிஞ்சவரு. வாசப்படியில நிக்கிறவரு. அந்த மாதிரி நூறு பேர் இருந்தா, இந்தக் கேள்விய எத்தன பேர் சரியா போடுவாங்க? அந்த நம்பர எழுதுங்க. நூத்தம்பது கேள்விக்கும் எழுதிக் கூட்டி, நூறால வகுத்தா அது உங்க மார்க். எட்டு பேர் மார்க்கையும் கூட்டி எட்டால வகுத்தா அதுதான் பாஸ் மார்க். எல்லாருக்கும் ஒரே கோடு, சலுகை எதுவும் இல்ல."

மதுராந்தகம் பக்கத்திலிருந்து வந்திருந்த திருவேங்கடம் என்ற தலைமையாசிரியர் கையைத் தூக்கினார். பெரிய சரீரம், வெற்றிலை போட்ட வாய். "தம்பி, பேப்பர் திருத்தும்போது முப்பத்துமூணுல நிக்கிற புள்ளய ரெண்டு மார்க் போட்டுத் தள்ளி வுடுவோமே, அந்தக் கதையா இது?"

"ஐயோ இல்ல சார். இது சயின்டிஃபிக்."

"அப்ப நூறு பேர எங்க போய்த் தேடறது?"

"நூறு பேர் வேணாம் சார். உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மூஞ்சிய மனசுல வச்சிக்கங்க. பேர் சொல்லத் தேவையில்ல. வேல சுலபமாயிடும்."

சுலபமாகத்தான் இருந்தது. வாசற்படியில் நிற்கிறவர் என்று அவன் சொன்ன மறுநொடியே ஜாக்குலின் கண்முன்னால் ஜெனிஃபர் வந்து நின்றுவிட்டாள், தோளில் ஹேண்ட்பேக், கையில் டிபன் கேரியரோடு.

அன்றைக்கு முழுக்க ஜாக்குலின் நேர்மையாக வேலை பார்த்தாள். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு கேள்வியையும் தங்கையிடம் காட்டி, அவள் முகத்தைப் பார்த்து, எண் போட்டாள். வெளிநாட்டுக்காரர்களின் கற்றல் கொள்கைகள் வந்தால் ஜெனிஃபர் முழிப்பாள், முப்பது. தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, எண்பது. அறிவியலில் பாதி, ஐம்பது. நாற்பத்தேழாவது கேள்வி வந்தபோது சிரிப்பு வந்தது. முப்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழித்து இருபத்தைந்து என்று எழுதும் குழந்தைக்கு ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது என்ன? கரும்பலகையில் மறுபடி விளக்குவதா, குச்சிக்கட்டுகளைக் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்வதா, எப்படிப் போட்டாய் என்று குழந்தையையே கேட்பதா, கூடுதல் பயிற்சிக் கணக்குகள் தருவதா? விடை மூன்றாவது, கேட்பது. ஜெனிஃபருக்கு இது தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்ணை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "எப்டிடா கண்ணு போட்ட, எனக்குச் சொல்லிக் குடேன்" என்று அவள் கேட்டதை ஜாக்குலினே பார்த்திருக்கிறாள். ஆனால் பரீட்சை அறையில் அவசரப்படுகிற புத்தியும் அவளுக்கு உண்டு. அறுபது என்று எழுதினாள்.

ஜன்னலுக்கு வெளியே பீச் தெரிந்தது. அதே பீச்சில்தான் வருடா வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெனிஃபர் வெட்கமில்லாமல் குச்சி ஐஸ் குச்சிகளைப் பொறுக்குவாள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, காயவைத்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வகுப்புக்கு எடுத்துப் போவாள்.

மறுநாள் காலை டீ நேரத்தில் வரலட்சுமி என்ற அம்மாள் ஜாக்குலின் பக்கத்தில் வந்து நின்றாள். கல்வியியல் கல்லூரியில் பேராசிரியை, பட்டுப்புடவை. எந்த ஊர் என்று கேட்டாள். பூர்வீகம் திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு கிராமம் என்றாள் ஜாக்குலின்.

"ஓ. ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?"

பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்கு இது வெறும் வழி விசாரிப்பு மாதிரி இருக்கும். கேட்கப்பட்டவர்களுக்குத் தெரியும் இது என்ன கேள்வி என்று. ஜாக்குலின் நாற்பத்தாறு வயதில் இதற்கு ஐந்நூறு தடவையாவது பதில் சொல்லியிருப்பாள். "அந்தப் பக்கந்தாங்க" என்றாள். வரலட்சுமி தலையை ஆட்டிவிட்டு பிஸ்கெட் எடுக்கப் போனாள்.

டீ முடிந்ததும் ஹேமந்த் முதல் சுற்றின் முடிவைத் திரையில் போட்டான். பேர் இல்லை, ஏ முதல் ஹெச் வரை எழுத்துகள்தான். ஆனால் எழுத்துகள் உட்கார்ந்திருந்த வரிசையிலேயே இருந்ததால் யார் எது என்று எட்டுப் பேருக்கும் தெரிந்துவிட்டது. சயின்ஸின் லட்சணம் அவ்வளவுதான். திருவேங்கடம் எழுபத்தைந்து, அவர்தான் கடைசி. அதற்கு மேல் ஜாக்குலின் எண்பது. மற்றவர்கள் எண்பத்தொன்றுக்கும் எண்பத்தேழுக்கும் நடுவில். எண்பத்தேழு வரலட்சுமி. சராசரி எண்பத்திரண்டு.

எழுபத்தைந்து எப்படி வந்தது என்று ஹேமந்த் மெதுவாகக் கேட்டான்.

"எல்லாக் கேள்விக்கும் அம்பது போட்டேன்" என்றார் திருவேங்கடம். "எவன் எதுக்கு எத்தன எழுதுவான்னு எனக்கு இன்னா தெரியும்? தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுத மனசு வர்ல. பாதி பேரு போடுவான், பாதி பேரு போட மாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜாக்குலினும் சிரித்தாள். இந்த மாதிரி ஆட்களால்தான் பள்ளிக்கூடம் உருப்படாமல் போகிறது என்றுகூட நினைத்தாள்.

அப்போதுதான் வரலட்சுமி மைக்கை வாங்கினாள். "தப்பா எடுத்துக்கக் கூடாது. யார மனசுல வச்சிப் போடறோம்கறதுதான் முக்கியம். சில பேருக்குத் தங்களோட ஆளுங்க ஞாபகம் வந்துடுது. பாவம், அவங்க பாத்து வளந்தது அவ்ளோதான். அந்த லெவல்ல கோடு போட்டோம்னா நாளைக்கு நம்ம புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்க யார் வருவாங்கன்னு யோசிக்கணும்."

யார் பேரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. மற்ற ஐந்து பேர் டீ கப்பைப் பார்த்தார்கள். திருவேங்கடம் மட்டும் திரும்பி ஜாக்குலினைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. வரலட்சுமி பேச்சைவிட அந்த இரக்கம்தான் அவளைச் சுட்டது.

எழுந்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். "எந்த ஆளுங்கம்மா?" என்று அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும், வரலட்சுமி பேச்சை விழுங்கியிருப்பாள். ஜாக்குலின் கேட்கவில்லை. பயிற்சிப் பள்ளியில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தபோதும், சலுகையில் வந்தவள் என்று சொன்னவர்களிடம் அவள் வாயைத் திறந்ததில்லை. அடுத்த பரீட்சையில் இன்னும் கூடுதலாக மார்க் எடுத்துக் காட்டினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

இரண்டாவது சுற்றுத் தொடங்கியது. போட்ட எண்களை விருப்பப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று பழைய தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஜாக்குலின் பேனாவைத் திறந்தாள்.

இது ஜெனிக்குத் தெரியாதா? பெஞ்சமின் மகளுக்கா தெரியாது? முப்பதை அடித்து ஐம்பது போட்டாள். ஐம்பதை அடித்து அறுபத்தைந்து. நாற்பத்தேழாவது கேள்வியில் அறுபதை அடித்துத் தொண்ணூற்றைந்து என்று அழுத்தி எழுதினாள். தாள் கிழியாதது ஆச்சரியம். நூற்றைம்பது கேள்விக்கு நடுவில் ஏதோ ஒரு கட்டத்தில், வாசற்படியில் நின்ற ஜெனிஃபரை நகரச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் தானே போய் நின்றுகொண்டாள். அது அப்போது அவளுக்குத் தெரியவில்லை. கூட்டிப் பார்த்தபோது தொண்ணூற்றாறு வந்தது. எட்டுப் பேரில் அதுதான் மேலே.

திருவேங்கடம் தாளைத் தொடவே இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஆறு பேரும் இங்கே ஒன்றைக் கூட்டி அங்கே ஒன்றைக் குறைத்து, கடைசியில் அவரவர் பழைய எண்ணிலேயே வந்து நின்றார்கள். சாயங்காலம் திரையில் புதுச் சராசரி வந்தது. எண்பத்து நாலு.

"சூப்பர். எண்பத்து நாலு ஃபைனல்" என்று ஹேமந்த் லேப்டாப்பை மூடினான். வரலட்சுமி ஜாக்குலின் தோளைத் தட்டினாள். "மேடம் கரெக்டா புரிஞ்சிக்கிட்டீங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அந்த நிமிஷம் ஜாக்குலினுக்குப் பெருமையாக இருந்தது. ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பூஞ்சேரி கூட்டு ரோடு வரும்வரை அந்தப் பெருமை தாங்கியது. அதற்கப்புறம்தான் போன தடவை ஜெனிஃபர் எடுத்த எழுபத்தொன்பது ஞாபகம் வந்தது. பரவாயில்லை, தொண்ணூறு வாங்குவாள். இந்தத் தடவை நல்லா பண்ணிகீறேன்க்கா என்று அவளே சொன்னாளே. நான் என்ன இல்லாததையா எழுதினேன், அவளால் முடியும் என்றுதானே எழுதினேன். இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

ஐந்து வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. போன் அடித்தாள், ஜெனிஃபர் எடுக்கவில்லை. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ஜாக்குலின் சதுரங்கப்பட்டினம் போனாள்.

வாசலில் பூபாலன் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தான், இரண்டாவது ஷிஃப்டுக்கு. "ஒரு மார்க்கு அண்ணி" என்றான். "காத்தாலேர்ந்து நாஸ்தாகூட துன்னல. நீங்களாச்சும் சொல்லுங்க."

ஜெனிஃபர் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் கேள்வித்தாள், விடைக் குறிப்பு, தன் விடைத்தாளின் பிரிண்ட். அழுது முடித்த முகம்.

"எண்பத்து மூணுக்கா."

ஜாக்குலின் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எல்லாம் ஒத்துப் பாத்துகினு கீறேன். இத பாரேன், நாப்பத்தேழு. புள்ளைக்குக் கழித்தல் தப்பா வருது, இன்னா செய்வேன்னு கேக்கறான். நான் குச்சிக்கட்டு குடுப்பேன்னு போட்டேன். தப்பாம். புள்ளைய உக்கார வச்சிக் கேக்கணுமாம்."

"நீ கேப்பியேடி. பக்கத்து வூட்டுப் பொண்ண நீ கேட்டத நானே பாத்துகீறேனே."

"அது வூட்லக்கா. ஒரே புள்ள. கிளாஸ்ல நாப்பத்தெட்டு புள்ளைங்க கீது. ஒவ்வொண்ணா கூப்ட்டு எப்டிடா போட்டன்னு கேட்டுகினு இருந்தா மத்ததெல்லாம் ஒண்ண ஒண்ணு கடிச்சி வச்சிடும். குச்சிய குடுத்துட்டா எல்லாத்துக்கும் வேல ஆவும். பதினோரு வருசமா இன்னா செய்றனோ அதத்தான் எழுதினேன். அது தப்பு."

அறுபது, அடித்து, தொண்ணூற்றைந்து. அந்தத் தாள் ஜாக்குலின் கண்முன்னால் நின்றது. பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட அவள் தங்கையின் வகுப்பறைக்குள் போய்ப் பார்த்ததில்லை.

"போன தடவக்கி நாலு மார்க்கு கூட எடுத்துகீறேன்க்கா. நீயே சொல்லு, நீதான் கணக்கு டீச்சரு. எண்பத்து நாலுன்னு எப்டி வந்திச்சி? ஏன் எண்பத்து மூணா வர்ல?"

அந்தக் கணக்கு ஜாக்குலினுக்குத் தெரியும். தொண்ணூற்றாறில் எண்பது போனால் பதினாறு. பதினாறை எட்டால் வகுத்தால் இரண்டு. அவள் பேனாவைத் தொடாமல் இருந்திருந்தால் கோடு எண்பத்திரண்டில் கிடந்திருக்கும், ஜெனிஃபர் அதைத் தாண்டி ஒரு மார்க் அந்தப் பக்கம் நின்றிருப்பாள். வெற்றிலை மென்றுகொண்டு எல்லாவற்றுக்கும் ஐம்பது போட்ட மனிதர் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. தங்கைக்காக என்று போனவள்தான் செய்தாள். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்ற சாக்கு உடனே வந்து கையைப் பிடித்துக்கொண்டது. அது சாக்குதான் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"தெரியலடி" என்றாள்.

"எங்கனா ஏசி ரூம்ல உக்காந்து எவளோ போட்டுகீறா. நம்மள மாதிரி ஆளு ஒருத்தி, உன்ன மாதிரி ஒருத்தி, அந்த ரூம்ல இருந்திருந்தா இப்டி ஆயிருக்குமாக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் ஜெனிஃபர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்தாள். உள்ளே குச்சிகள். பத்துப் பத்தாகக் கட்டி, ரப்பர் பேண்டு போட்டது. ஐம்பது, அறுபது கட்டு இருக்கும்.

"ஜூன்லேர்ந்து எனக்கு இது இன்னாத்துக்கு? நீ எடுத்துனு போக்கா. உன் ஸ்கூலு புள்ளைங்களுக்கு ஆவும்."

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஜாக்குலின் இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டாள்.